எதிரே உட்காருகிறவர்

திருச்சி ஜெயில்
14-3-1971

அன்புள்ள செவ்வந்திக்கு வீரையன் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா என்பதை முதல் வரியிலேயே எழுது.

கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாவுக்கட்டுப் பிரித்துவிட்டார்கள். இடது கைதானே, இதனால் ஒன்றும் நின்றுபோகவில்லை. தை அறுப்பு அடிதடிக்குப் போட்ட எட்டு மாதத் தண்டனையில் ஒரு மாதம் கழிந்துவிட்டது. குறுவை அறுப்புக்கு வந்துவிடுவேன்.

இங்கே பகல் இரண்டு மணிக்குமேல் வேலை இல்லை. எங்கள் பிளாக்கில் நாலு பேர் சீட்டு ஆடுகிறோம். காசு வைக்காவிட்டால் ஆடலாம் என்று மேலே அனுமதி இருக்கிறது. இருபத்தெட்டு என்று ஓர் ஆட்டம். நான் இதுவரை சீட்டைத் தொட்டவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்த இராஜாங்கமும் நாகப்பட்டினத்துச் செல்லத்துரையும் ஒரு ஜோடி. செல்லத்துரை கடலுக்குப் போகிறவர், சீட்டைக் கலைப்பது வலை உதறுகிற மாதிரி இருக்கும். நானும் இன்னொருவரும் ஒரு ஜோடி. நாள்தோறும் தோற்கிறோம்.

கடிதங்களை ஆபீசில் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். நீயும் அதை மனதில் வைத்து எழுது.

உன்
வீரையன்


கீழவாழைக்குடி
2-4-1971

மாமாவுக்குச் செவ்வந்தியின் வணக்கம். அத்தைக்கு வீக்கம் வற்றிவிட்டது. முதல் வரி முடிந்தது.

நான் நல்லபடி இருக்கிறேன். கோடை வந்துவிட்டது, ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. வயலில் வேலை கிடையாது. தை அறுப்பில் கூலி கேட்டவர்கள் என்று நம் தெருவையே பண்ணையில் தள்ளி வைத்திருக்கிறார்கள். உளுந்து எடுக்கக்கூட ஆற்றுக்கு அக்கரை ஊர் ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். தேர்தல் முடிவு சொன்ன அன்று மட்டும் ரேடியோப் பெட்டிக்கு முன்னால் எல்லாத் தெரு ஆட்களும் ஒன்றாக நின்றார்கள். மறுநாள் அவரவர் தெரு அவரவருக்கு.

ஒன்று கேட்கட்டுமா? அந்த ஆட்டத்தை எனக்கும் எழுதிச் சொல்லிக் கொடுங்கள். சிரிக்காதீர்கள். இங்கே மத்தியானம் நகரவே மாட்டேன் என்கிறது. நீங்கள் இரண்டு மணிக்கு அங்கே உட்காரும்போது நானும் இங்கே உட்கார்ந்து அதையே செய்தால் தேவலாம் போல இருக்கிறது. நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கிவிட்டேன். கடைக்காரர், "வீட்டுக்காரருக்காம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செவ்வந்தி


திருச்சி ஜெயில்
20-4-1971

அன்புள்ள செவ்வந்திக்கு. உடம்புக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை இராஜாங்கத்திடம் காட்டினேன். "பொம்பளைக்கு இது வராதுப்பா" என்றார். அதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

கட்டைப் பிரித்து இரண்டு முதல் ஆறு வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடு. மிச்சம் முப்பத்திரண்டு சீட்டு. ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு மூன்று புள்ளி. அடுத்து ஒன்பது, அதற்கு இரண்டு. பிறகு ஆசுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. மற்றவைக்குப் புள்ளியே கிடையாது. கூட்டிப்பார், இருபத்தெட்டு வரும்.

நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பதினாலில் ஆரம்பம். நான் பதினாறு கேட்டால், எங்கள் ஜோடி பதினாறு புள்ளி பிடிக்கும் என்று அர்த்தம். அதற்குமேல் எவனாவது பதினேழு கேட்கலாம். யார் அதிகம் கேட்டாரோ அவர் தன் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அது ஸ்பேடா ஆர்ட்டினா, அந்த ஜாதிதான் துருப்பு, மற்ற ஜாதியை எல்லாம் வெட்டும். பிறகு இன்னும் நாலு சீட்டு வாங்கிக்கொண்டு ஆட்டம். ஒருவர் எந்த ஜாதி போட்டாரோ அதே ஜாதியைத்தான் எல்லாரும் போட வேண்டும். நாலு சீட்டில் பெரியது வைத்திருப்பவருக்கு அந்தப் பிடி. கையில் அந்த ஜாதி இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டலாம்.

ஜோடிக்கு வாயால் எதுவும் சொல்லக்கூடாது. கண்ணடிக்கக்கூடாது, இருமக்கூடாது. அவர் என்ன கேட்கிறார், எதைப் போடுகிறார் என்பதை வைத்தே அவர் கையில் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இன்னும் கேட்க வரவில்லை. கையில் நல்ல சீட்டு இருக்கும். வாய் தானாக "பாஸ்" என்றுவிடும். செல்லத்துரை திட்டுகிறார்: "உங்கிட்ட இருக்குறத நீயே கேக்கலன்னா வேற எவன்யா கேப்பான்?"

அம்மாவை வெயிலில் அலையவிடாதே.

வீரையன்


கீழவாழைக்குடி
9-5-1971

மாமாவுக்கு. எல்லாரும் சுகம். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து ஆடுகிறோம். நான், பூவம்மாள், வேம்பு, நாலாவது ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தைதான்.

அத்தையிடம் ஜாக்கி பெரியது என்று சொன்னதும் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். "ராசாவ ஒரு சேவகன் அடிக்கிறானா?"

"ஆமாத்தே. ராசாவுக்கும் ராணிக்கும் இதுல ஒரு புள்ளிகூடக் கெடையாது."

"ஒண்ணுமே கெடையாதா?"

"கெடையாது."

அத்தை சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "அப்பச் சரி. போடு."

இப்போது தினமும் அவர்கள்தான் முதலில் வந்து சாக்கை விரிக்கிறார்கள். எண்ணத் தெரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பிடித்த புள்ளியை விரல்விட்டு எங்கள் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறார்கள். வேம்புதான் உங்களைப் போல. பாஸ், பாஸ், பாஸ். அவளுக்கு எதிரே உட்காருவதற்குப் பேசாமல் கம்பத்துக்கு எதிரே உட்காரலாம்.

இராஜாங்கத்தைச் சொன்னீர்கள், செல்லத்துரையைச் சொன்னீர்கள். உங்கள் ஜோடிக்கு ஏன் பேரே இல்லை? எந்த ஊர்?

கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைக்காதீர்கள்.

செவ்வந்தி


திருச்சி ஜெயில்
30-5-1971

அன்புள்ள செவ்வந்திக்கு. நலம். உன் கடிதத்தை மூன்று பேருக்கும் வாசித்தேன். சேவகன் ராஜாவை அடிக்கிற இடத்தில் வார்டரும் சேர்ந்து சிரித்தார்.

நேற்று நாங்கள் ஜெயித்தோம். என் கையில் முதல் நாலு சீட்டில் ஸ்பேடு ஜாக்கியும் ஒன்பதும் இருந்தன. துணிந்து பதினாறு கேட்டேன். இராஜாங்கம் பதினேழு என்றார். நான் பயந்து விட்டுவிட்டேன். அப்போது என் எதிரே இருந்தவர் மெதுவாக, "இருவது" என்றார். தன் ஜோடி ஒருமுறை கேட்டுவிட்ட பிறகு தானும் கேட்பதானால் இருபதுக்குக் குறையக்கூடாது என்று சட்டம். தோற்றால் ஊர் சிரிக்கும். எங்கள் ஜோடி இருபத்தொன்று பிடித்தது.

பிறகு, எந்தத் தைரியத்தில் கேட்டீர்கள் என்று கேட்டேன். "நீ சும்மா கேக்குற ஆளு இல்ல. நீ பதினாறுன்னு வாயத் தொறந்தா உங்கிட்ட ஜாக்கி இருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

பேரில் என்ன இருக்கிறது. ஏதோ ஒரு ஊர்க்காரர். வேம்புவைக் கோபிக்காதே, அவளுக்கும் வந்துவிடும்.

மேட்டூர் திறக்கிற தேதி சொன்னார்களா?

வீரையன்


திருச்சி ஜெயில்
27-6-1971

அன்புள்ள செவ்வந்திக்கு. நான் சுகம். நான் எழுதி நாலு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு ஏதாவதா? ஆற்றில் தண்ணீர் வந்து நடவு வேலை அதிகமோ? ஒரு கார்டு போட்டால் போதும். சுகம் என்று ஒரு வார்த்தை எழுது.

வீரையன்


கீழவாழைக்குடி
4-7-1971

மாமாவுக்கு. அத்தை சுகம். நானும் சுகம்.

போன மாதம் ஒரு மத்தியானம் ஆடிக்கொண்டிருக்கும்போது அக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தெருமுனையிலேயே நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நான் எழுந்து போனேன். "கடுதாசி படிச்சுச் சொல்ற பொண்ணு நீதானா?" என்று கேட்டாள். முந்தானையிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்தாள்.

"ஒங்க ஊருல படிக்க ஆள் இல்லியா?" என்றேன்.

"பண்ணைக் காரியக்காரருதான் படிக்கணும். அவுரு எழுதியிருக்கிறத விட்டுட்டு எழுதாததப் படிக்கிறாரு."

பேர் கேட்டேன். அம்சம் என்றாள். முருகையன் பெண்சாதி.

எந்த முருகையன் என்று நான் கேட்கவில்லை. தை அறுப்பில் பண்ணைக்காக ஆள் கூட்டிக்கொண்டு வந்து, வரப்பில் வைத்து உங்கள் கையை உடைத்தவன் பேரை நான் மறக்கவில்லை. திரும்பிப் போ என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் அவள் கடிதத்தைப் பிரித்துவிட்டாள்.

உங்கள் எழுத்து.

உங்கள் 'ழ'வின் வாலை எனக்குத் தெரியாதா? "அன்புள்ள அம்சத்துக்கு" என்று அழகாகக் கோடு போட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முழுவதையும் படித்துச் சொன்னேன். பண்ணையில் வக்கீல் வைப்பதாகச் சொல்லி வைக்கவில்லை, எனக்கு ஒரு வருஷத் தண்டனை ஆகிவிட்டது, நீ அந்த வாசலுக்குப் போகாதே என்று இருந்தது. குரல் மாறாமல் படித்தேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இடது கையை உடைத்தவனுக்கு வலது கையால் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஏதோ ஒரு ஊர்க்காரர் என்று எனக்கு எழுதினீர்கள்.

சுகம் என்று ஒரு வார்த்தை கேட்டீர்கள். எழுதிவிட்டேன்.

செவ்வந்தி


திருச்சி ஜெயில்
18-7-1971

செவ்வந்திக்கு.

உன் கடிதத்தைப் பத்து நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

இந்தப் பிளாக்கில் கொண்டுவந்து விட்ட அன்று அவரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் நான் ஒரு சுவர் ஓரம், அவர் ஒரு சுவர் ஓரம். இராஜாங்கமும் செல்லத்துரையும் நாலு பேர் சேராமல் தவித்தார்கள். மிச்சம் இருந்தது நாங்கள் இருவர்தான். யாருக்கு யார் ஜோடி என்று சீட்டு இழுத்தார்கள். எனக்கு எதிரே அவர் வந்தார். எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார். இருவரும் எழவில்லை.

முதல் பத்து நாள் அவருக்குப் பிடி போகக்கூடாது என்பதற்காகவே தப்புச் சீட்டாகப் போட்டேன். அதனால் நானும் தோற்றேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை, ஏன் இப்படிப் போடுகிறாய் என்று. ஒருநாள் என் இடது கை சீட்டைத் தாங்க முடியாமல் கீழே விட்டுவிட்டது. எல்லாருக்கும் சீட்டின் முகம் தெரிந்துவிட்டது. அவர் தன் சீட்டையும் மல்லாத்திப் போட்டுவிட்டு, "இந்த ஆட்டம் வேணாம், மறுபடியும் கலைங்க" என்றார். பார்வை என் கையிலேயே இருந்தது.

கையால் ஒன்றும் நின்றுபோகவில்லை என்று உனக்கு எழுதினேன். அதுவும் பொய். இன்னும் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை.

அவருக்கு எழுதத் தெரியாது. வார்டரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் நானாகப் போய் எழுதிக் கொடுத்தேன். பண்ணையில் அவருக்கு என்ன பேசினார்கள் தெரியுமா? கூலி கிடையாது, ஒரு காணி குத்தகை தருவதாகச் சொன்னார்களாம். கேஸ் ஆனதும் ஆளையே தெரியாது என்றுவிட்டார்கள்.

நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. நீ மன்னிக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பெண் மறுபடி வந்தால் கடிதத்தை மட்டும் படித்துக் கொடு.

அம்மாவிடம் சொன்னாயா?

வீரையன்


கீழவாழைக்குடி
22-8-1971

மாமாவுக்கு. எல்லாரும் சுகம். அத்தையிடம் சொன்னேன். இரண்டு நாள் சாக்கை விரிக்க வரவில்லை. மூன்றாம் நாள், "எழுதிக் குடுத்தானா? அவன் அப்பன் புள்ள" என்றார்கள். திட்டினார்களா மெச்சினார்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்சம் மறுபடி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வேம்பு வெளியூர் நடவுக்குப் போயிருந்தாள், நாங்கள் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். சாக்கு ஓரத்தில் நின்றபடி அரைமணி நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவம்மாள்தான் வெடுக்கென்று, "நிக்கிற நேரத்துக்கு ஒக்காரலாமே, எங்க சாக்குல ஒக்காந்தா ஒட்டிக்குமா?" என்றாள். அம்சத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உட்கார்ந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அவள் கேட்கிற கேள்வி இருக்கிறதே! கையில் ஒரே ஒரு ஜாக்கியை வைத்துக்கொண்டு பதினெட்டு என்பாள். "எங்க வீட்டுல அது கேக்காமத்தான் கெட்டுச்சு. யாரு என்ன சொன்னாலும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டும். நான் கேட்டுட்டே தோக்குறேன்" என்கிறாள். வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். அவள் வந்துபோவதை அக்கரையில் பேசுகிறார்களாம். பேசட்டும் என்கிறாள்.

இனி முக்கியமான சேதி. குறுவை நன்றாக வந்திருக்கிறது. பண்ணையில், அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் சட்டம் சொன்ன ஆறு லிட்டர் கூலி தரமாட்டேன், ஐந்துதான், இல்லாவிட்டால் அக்கரை ஆள் அறுக்கட்டும் என்கிறார்கள். காரியக்காரர் அமிர்தலிங்கம் அக்கரையில் வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்கிறார். போன முறை போலவே ஆகிவிடுமோ என்று தெருவில் எல்லாருக்கும் கலக்கம். தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் போகும் நாலு பேரில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் என்னைச் சொல்லிவிட்டார்கள்.

அம்சத்திடம் சொன்னேன். சீட்டைக் கலைத்துக்கொண்டே, "ஒங்களுக்கு மட்டும் ஆறு கேட்டா, எங்க ஆளுங்க அஞ்சுக்குப் போவத்தான் செய்வாங்க. எங்களுக்கும் சேத்துக் கேளு" என்றாள்.

நான் என்ன செய்யட்டும்?

செவ்வந்தி


திருச்சி ஜெயில்
5-9-1971

அன்புள்ள செவ்வந்திக்கு. நலம்.

அம்சம் சொன்னதுதான் சரி. இதை நான் மட்டும் சொல்லவில்லை. உன் கடிதத்தை முருகையனுக்கு வாசித்தேன். தன் பெண்சாதி நம் தெருவில் உட்கார்ந்து பதினெட்டு கேட்கிற இடத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு, ஐந்துக்கு அறுக்கப் போகாதீர்கள் என்று தன் தம்பிகளுக்கும் பங்காளிகளுக்கும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இத்துடன் தனியாக வருகிறது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அம்சத்தை அழைத்துக்கொண்டு போய் அக்கரையில் நீயே படித்துக் காட்டு.

நீ போ. பயமாக இருந்தாலும் போ.

வீரையன்


கீழவாழைக்குடி
26-9-1971

மாமாவுக்கு. சுகம், சுகம், சுகம். நாங்கள் ஆறு வாங்கிவிட்டோம்.

அக்கரையில் கடிதம் படித்தது ஒரு நல்ல கதை. நேரில் சொல்கிறேன். சிலர் எழுந்து போனார்கள், பலர் இருந்தார்கள்.

தாலுகா ஆபீசில் நாற்காலி அவர்களுக்கு, பெஞ்சு எங்களுக்கு. போகும் வழியிலேயே நம் ஆட்கள், "ஆறுன்னு ஆரம்பிச்சு அஞ்சரைக்கு ஒத்துக்குவோம்" என்று பேசி வைத்திருந்தார்கள். அமிர்தலிங்கம் எழுந்து, "ஐயா, இவுங்க கேக்குறது கட்டாது. அக்கரையில அஞ்சுக்கு எம்பது ஆளு அருவாளோட நிக்குது" என்றார். நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அஞ்சரை என்று சொல்ல ஒருவர் வாய் எடுத்துவிட்டார்.

நான் எழுந்துவிட்டேன். "ஆறுங்கய்யா. எங்களுக்கும் ஆறு, அக்கரை ஆளுங்களுக்கும் ஆறு. இந்தப் பக்கம் ஒரு கூலி அந்தப் பக்கம் ஒரு கூலி வேணாம்" என்றேன்.

அமிர்தலிங்கம் சிரித்தார். "அக்கரைக்குக் கேக்க நீ யாரு?"

அப்போது கதவுக்கு வெளியே இருந்து ஒரு குரல். "நாங்க கேக்கச் சொன்னோம்." அம்சம். அவளுக்குப் பின்னால் அவள் கொழுந்தன்மார், அவர்களுக்குப் பின்னால் இன்னும் இருபது முப்பது பேர். "அஞ்சுக்கு நிக்கிற எம்பது பேரு யாரு? பேரச் சொல்லுங்க. நான் அக்கரைதான், எனக்கு எல்லாரையும் தெரியும்."

தாசில்தார் அமிர்தலிங்கத்தைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. நான் என் பேரை எழுதினேன். அம்சத்தையும் கூப்பிட்டார்கள். அவள் கைநாட்டு வைத்துவிட்டு, மைவிரலைச் சுவரில் துடைக்காமல் வீடுவரை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வருகிற தேதியை எழுதுங்கள்.

செவ்வந்தி


கீழவாழைக்குடி
24-10-1971

முருகையண்ணனுக்கு வீரையன் வணக்கம். இதை இராஜாங்கம் வாசித்துக் காட்டுவார். நான் வீடு வந்து ஐந்து நாள் ஆகிறது. அங்கே நீங்களும் மற்றவர்களும் சுகம்தானே? என் இடத்தில் யாரை உட்கார்த்தினீர்கள்?

நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கினால் செவ்வந்தியோடு அம்சமும் நிற்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "எங்க வீட்டுல எப்புடி இருக்கு? சாப்பிடுதா?" என்று கேட்டது. சாப்பிடுகிறார் என்றேன். கொஞ்சதூரம் நடந்தோம். பிறகு அதுவே நின்றது.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். ஒங்க கைய ஒடச்சது எங்க வீட்டு ஆளுதானா? எங்கிட்ட, கூட்டத்துல யாரோ அடிச்சாங்க, எம்மேல கேஸ் போட்டுட்டாங்கன்னு சொல்லிச்சு."

அண்ணே, இதை நீங்கள் வீட்டில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. நானும் என் வீட்டில் ஒன்றை மறைத்து அடி வாங்கியவன். ஒரு நிமிஷம் உங்களுக்காகப் பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. செவ்வந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, அவருதான்" என்றேன்.

அம்சம் அழவில்லை. என் கையைப் பார்த்தது. என் பெட்டியை வாங்கிக்கொண்டது. ஊர்வரை அதுதான் தூக்கி வந்தது. வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

அறுப்பு நடக்கிறது. இரண்டு கரை ஆட்களும் ஒரே வயலில் இறங்கியிருக்கிறார்கள். பேச்சு அதிகமில்லை, சண்டையும் இல்லை. என்னால் இன்னும் கட்டுத் தூக்க முடியவில்லை, களத்தில் நின்று தூற்றுகிறேன். உங்கள் சின்னத் தம்பி என் பங்குக் கட்டையும் சேர்த்துத் தூக்குகிறான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்சம் உங்களைப் பார்க்க வருகிறது. செவ்வந்தியும் துணைக்கு வருகிறாள். அது உங்களிடமும் கேட்கும். நான் சொன்னதைச் சொல்லிக்கொண்டு கேட்காது, தெரியாத மாதிரிதான் கேட்கும். நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். சொன்னால் திரும்பி வரும்போது அது என்ன மனதோடு வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக உங்களுக்கென்று முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறது.

வீரையன்